பூஜை மண்டபத்துக்குச் சந்தன நிறம்

மதுரையில் மாசி வீதிகளையும் ஆவணி மூல வீதிகளையும் ஒட்டிய பழைய இல்லங்கள் பலவற்றில், கூடத்தின் உட்கோடியில் ஒரு மரப் பூஜை மண்டபமோ, கண்ணாடிக் கதவு பொருத்திய சுவாமி அலமாரியோ இன்றும் இருக்கிறது. தேக்கிலும் ஈட்டியிலும் இழைத்தவை அவை. இரண்டு மூன்று தலைமுறைகளாக நல்லெண்ணெய்ப் புகையும் கற்பூரக் கரியும் படிந்து படிந்து, மரத்தின் இயல்பான நிறமே மறைந்து போயிருக்கும். உள்ளே அன்னை மீனாட்சியின் படம் இருப்பது பழகிய கைக்குத்தான் தெரியும், கண்ணுக்குத் தெரியாது.

முதுமையில் இது சிறிய குறையன்று. வயது ஏற ஏறக் கண்ணுக்கு மிகுதியான வெளிச்சம் தேவைப்படுகிறது. கண்புரை தொடங்கிவிட்டால் கரிய பலகையின்மேல் உள்ள பித்தளைப் பஞ்சபாத்திரமும் திரிநூலும் ஒன்றோடொன்று கலந்து மங்கலாகின்றன. 1976இல் டாக்டர் ஜி.வெங்கடசாமி பதினொரு படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய ஊர் இது. புரை நீக்கம் இங்கே எல்லோரும் அறிந்த செய்தி. ஆயினும் சிகிச்சைக்குப் பின்னரும் இருண்ட மூலை இருண்ட மூலைதானே! விளக்கேற்றும் கை தடுமாறாதிருக்க, மண்டபத்தின் உட்புறத்தையாவது வெளிர் நிறமாக்கிக்கொள்வது நல்ல யோசனை.

எல்லா மரத்துக்கும் இது பொருந்தாது. நகரத்தார் வீடுகளிலிருந்து வந்த பர்மாத் தேக்குச் சாமான்களைத் தேடிக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு வெளிநாட்டினரும் வருகின்றனர். அவர்கள் விரும்புவது மரத்தின் ரேகையைத்தான். நுண்ணிய சிற்ப வேலைப்பாடு கொண்ட திருவாசியையும் தூண்களையும் எனாமல் பூசி மூடிவிட்டால், பின்னர் அதைச் சுரண்டி எடுப்பது பெரும்பாடு. அத்தகைய மண்டபத்தைத் துடைத்து, பழைய மெருகைப் புதுப்பித்தாலே போதும். பின்பலகையையும் தட்டுகளையும் மட்டும் வெளிர் நிறமாக்கலாம். வேலைப்பாடு இல்லாத அலமாரிக்கு இந்தத் தயக்கம் வேண்டியதில்லை.

ஆலயத்தில் திருப்பணி தொடங்குமுன் பாலாலயம் செய்து, இறையருளை வேறோர் இடத்தில் எழுந்தருளச் செய்வது மரபு. இல்லத்திலும் பெரியோர் அதே முறையைச் சிறிய அளவில் கைக்கொள்கின்றனர். ஒரு நல்ல நாளில் படங்களையும் விக்கிரகங்களையும் தூய மணையொன்றின்மேல், வேறோர் அறையில் எழுந்தருளச் செய்து, வேலை முடியும்வரை அங்கேயே விளக்கேற்றுகின்றனர். இதில் பக்தியோடு பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது. காரணம் பின்னால் வரும்.

வேலையில் பெரும்பகுதி வண்ணம் பூசுவதில் இல்லை. எண்ணெயை எடுப்பதில்தான் இருக்கிறது. எண்ணெய் ஊறிய பலகையில் எந்த வண்ணமும் பிடிக்காது. சில மாதங்களில் தோல் தோலாக உரியும். வெந்நீரில் சலவைச் சோடாவைக் கரைத்துத் துணியால் துடைத்து, நல்ல நீரால் மீண்டும் துடைத்து, நிழலில் நன்றாக உலர்த்த வேண்டும். பிறகு ஒரு சொட்டு நீரை விட்டுப் பார்க்கலாம். முத்தாக நின்றால் எண்ணெய் இன்னும் போகவில்லை.

பழைய பெயிண்ட் ஏற்கெனவே பூசப்பட்டிருந்தால் மிகுந்த எச்சரிக்கை தேவை. வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய மஞ்சள், சிவப்பு, பச்சைப் பூச்சுகளில் ஈயம் மிகுதியாக இருந்திருக்கக்கூடும். அவற்றை உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்த்தால் எழும் தூள் பேரக் குழந்தைகளின் மூச்சிலும் விரலிலும் சேரும். குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கு ஈயம் பகை. நனைத்துத் தேய்த்து, தூளை ஈரத்துணியால் எடுத்துவிட வேண்டும். அந்த நேரத்தில் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வீட்டில் இல்லாதிருப்பதே நலம்.

ஈட்டி மரத்தில் வேறொரு தொல்லை. அதன் செந்நிறம் வெள்ளைப் பூச்சின் வழியே கசிந்து, சில நாட்களில் இளஞ்சிவப்புத் திட்டுகளாக மேலே வந்துவிடும். ஸ்பிரிட்டில் கரைத்த அவலரக்கை இரு முறை பூசினால் கசிவு அடங்கும். அதன்மேல் பிரைமர், பள்ளங்களுக்குப் பட்டி, பின்னர் மெல்லிய இரு பூச்சு வண்ணம். தஞ்சாவூர் ஓவியர்கள் பலாப் பலகையில் துணியை ஒட்டி, புளியங்கொட்டைப் பசையோடு சுண்ணப்பொடி குழைத்துப் பூசி, வழவழப்பாகத் தேய்த்த பின்னரே கண்ணனை வரையத் தொடங்குவர். பலகைப் படம் என்ற பெயரே அதனால் வந்தது. அடித்தளத்துக்கு அவர்கள் காட்டிய பொறுமையில் கால்பங்கு இருந்தாலும் அலமாரி அழகாக அமைந்துவிடும்.

எந்த நிறம்? தூய வெள்ளை முதல் நாள் மட்டுமே கண்ணுக்கு இனிது. கரி உடனே தெரியும். அதுமட்டுமன்றி, வெளிச்சம் படாத மூடிய அலமாரிக்குள் எண்ணெய் சார்ந்த வெள்ளை எனாமல் தானாகவே மஞ்சளாகும். தொடக்கத்திலேயே சந்தன நிறத்தையோ தந்த நிறத்தையோ தேர்ந்தால் அந்த ஏமாற்றம் இல்லை. பளபளப்பு மிகுந்த பூச்சு விளக்கொளியை எதிரொலித்துக் கண்ணைக் கூசச் செய்யும். அரைப் பளபளப்பே ஏற்றது. பருவமும் பார்க்க வேண்டும். ஐப்பசி மழையில் பூச்சு உலராது. அக்கினி நட்சத்திர வெயிலில் மேலே உலர்ந்து உள்ளே ஈரமாக நிற்கும். தை முடிந்து சித்திரைத் திருவிழாக் கொடியேற்றத்துக்கு முன்புள்ள நாட்கள் மதுரைக்கு வாய்ப்பானவை.

இனி, முன்னர் நிறுத்தி வைத்த காரணம். ஸ்பிரிட்டும் தின்னரும் டர்பன்டைனும் காற்றில் ஆவியாகப் பரவுபவை. சிறு சுடர் போதும், பற்றிக்கொள்ளும். 2018 பிப்ரவரி 2ஆம் நாள் இரவு அன்னையின் ஆலயத்து வீரவசந்தராயர் மண்டபத்தில் நெருப்பைக் கண்டு கலங்கிய ஊருக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. அந்திவேளை வந்ததும் பழக்கத்தால் கை தீப்பெட்டியை நாடும். ஆகவேதான் விளக்கு அதுவரை வேறு அறையில். வாடை முற்றிலும் நீங்கிய பின்பே சுவாமியைத் திரும்ப எழுந்தருளச் செய்ய வேண்டும். ஒரு வாரம் ஆனாலும் ஆகட்டும். அதன் பிறகும் அகலின் அடியில் அகன்ற பித்தளைத் தாம்பாளம் இருக்கட்டும். மேல்தட்டுக்கும் சுடருக்கும் நல்ல இடைவெளி இல்லையேல் புதுப்பூச்சு கொப்பளிக்கும்.

மிஞ்சிய வண்ணத்தை மணைக்கும் முக்காலிக்கும் பூசிவிடும் ஆசை எழுவது இயல்பு. வெளிர் நிறத் தரையில் வெளிர் நிற முக்காலி முதியோர் கண்ணுக்குத் தென்படாது, கால் இடறும். மணையோ கரிய மரமாகவே இருக்கட்டும். வெள்ளை மணையில் இட்ட மாக்கோலத்தை யார் காண்பது?