முதல் வண்டிக்கு மூன்று சக்கரம்

பதின்ம வயதில் ஓட்டிய முதல் கார் பல நாடுகளில் இனிக்கும் நினைவு. இலங்கை மலையகத்தின் இறம்பொடையில் அதைத் தேடினால் பெரும்பாலும் ஆட்டோதான் கிடைக்கும். காருக்குப் பதிலாக வாய்த்த ஏழை வண்டி என்று அதை ஒதுக்கிவிடுவது தவறு. தேயிலைத் தோட்டங்களில் கார் நெடுங்காலம் தோட்டத் துரையின் பங்களா வாசலில் நின்ற பொருள். தொழிலாளர் லயத்துப் பிள்ளைக்கு அதன் ஸ்டியரிங் எட்டாத உயரம். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாயைத் தொட்டதே 2021இல்தான். 2020இல் நின்றுபோன வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 வரை திறக்கவில்லை; பழைய கார்களின் விலையும் ஏறிப்போனது. ஆகவே மலையகத்து இளைஞன் கையில் வந்த முதல் சக்கரம், வீட்டாரின் சேமிப்பும் லீசிங் தவணையும் சேர்ந்து வாங்கிய ஆட்டோ. பஸ் ஏறாத தோட்டப் பாதையில் நோயாளியையும் கர்ப்பிணியையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அதுவே.

ஆட்டோ படிப்பைக் கெடுக்கிறது என்பார்கள். சில வீடுகளில் அது உண்மை. ஆனால் வேலையில்லா ஊரில் வண்டியைக் குற்றம் சொல்வது காரணத்தை விட்டு விளைவைப் பிடிப்பது. ஆபத்து என்ற எதிர்ப்புதான் கனமானது. இறம்பொடை மலைப்பாதையில், 2025 மே மாதம் கெரண்டி எல்லவில் பஸ் கவிழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் 18 வயதுக்கு முன் எந்தப் பிள்ளையிடமும் சாவியைக் கொடுக்கக் கூடாது, அது ஆட்டோவின் சாவியானாலும்.