மருந்தும் ஏகபோகமும்

மருந்து கண்டுபிடிக்கப்பட்டால் மட்டும் போதாது. அது நோயாளியின் வாய்க்கு எட்டவும் வேண்டும். செஞ்சிச் சீமையில், மகேந்திர பல்லவன் குடைவித்த குகைக் கோயிலையுடைய தளவானூரிலிருந்து ஒரு குடியானவர் ரத்தப் புற்று வியாதியுடன் அடையாறு ஆஸ்பத்திரிக்கு வருவதாக வைத்துக் கொள்வோம். அவர் பிழைப்பாரா என்பதை நிர்ணயிப்பது வைத்திய சாஸ்திரம் மாத்திரமன்று; பேடண்டுச் சட்டமுங்கூட.

நாட்பட்ட ரத்தப் புற்றில் ஒருவகையின் காரணம் இப்போது தெளிவாகியிருக்கிறது. உயிரணுவிலுள்ள 9-வது, 22-வது குரோமோசோம்கள் தம்முள் துண்டு மாறி ஒட்டிக் கொள்ளுகின்றன. அந்த ஒட்டிலிருந்து பிறக்கும் ஒரு புரதம், 'பெருகு, பெருகு' என்று அணுவுக்கு ஓயாமல் சமிக்ஞை கொடுக்கிறது. செஞ்சிக் கோட்டைக் காவலன் சத்துரு வராதபோதும் இரவும் பகலும் முரசறைந்தால் ஊர் என்ன பாடுபடும்? 'இமாட்டினிப்' என்னும் மருந்து அவன் கையிலுள்ள கோலைப் பிடுங்கி விடுகிறது. 1998-ம் வருஷம் அமெரிக்காவில் மனிதரிடம் பரீக்ஷை தொடங்கியது. பழைய சிகிச்சை பலிக்காமற்போன நோயாளிகளுள், தக்க அளவில் மருந்துண்ட 54 பேரில் 53 பேருக்கு ரத்தத்தின் அணுக்கணக்கு சீர்ப்பட்டது. 2001-ல் அந்நாட்டு ஸர்க்கார் அனுமதி அளித்தது. இது மகத்தான சாதனை. கண்டவர்களை நாம் மனமார வாழ்த்துகிறோம்.

ஆனால், ஸ்விட்ஸர்லாந்து தேசத்து நோவார்டிஸ் கம்பெனி இம்மருந்துக்கு இந்தியாவில் வைத்த விலை மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய். நம் நாட்டுக் கம்பெனிகள் செய்த அதே மருந்தின் விலை அப்போது சுமார் 8,000 முதல் 10,000 ரூபாயாகத்தான் இருந்தது. மருந்தோ பெரும்பாலோர் வருஷக் கணக்கில் தினந்தோறும் உண்ண வேண்டியது!

அம்மருந்தின் ஒருவகைப் படிகத்துக்கு அக்கம்பெனி 1998-ல் சென்னையில் பேடண்டு கோரியது. 2006-ல் மனு நிராகரிக்கப்பட்டது. சட்டத்தின் 3(டி) பிரிவே செல்லாது என்று தொடுத்த வழக்கை 2007-ல் சென்னை ஹைகோர்ட் தள்ளியது. 2013 ஏப்ரல் 1-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டும் கம்பெனியின் அப்பீலைத் தள்ளிற்று. தெரிந்த வஸ்துவுக்குப் புது உருவம் கொடுத்தால் போதாது, நோய் தீர்க்கும் சக்தி அதிகப்பட வேண்டும் என்பதே அப்பிரிவின் சாரம். ஔஷதங்களுக்கு ஏகபோகம் எவ்வளவு தகும் என்று 1959-லேயே ஆராய்ந்து அறிக்கை தந்தவர் சென்னையைச் சேர்ந்த நீதிபதி ராஜகோபால ஐயங்கார் என்பதை இங்கு நினைவுகூர்வது நமக்குப் பெருமை.

ஆராய்ச்சிக்குப் பெரும் பொருள் செலவாகிறதே என்பார்கள். உண்மை. புதிதாகக் கண்டவனுக்கு ஊதியம் கிடைக்கட்டும். நம் சட்டமும் 2005 முதல் புது மருந்துகளுக்கு 20 வருஷ உரிமை தருகிறது. பழையதையே திருப்பி மடித்து மறுபடியும் உரிமை கேட்பதைத்தான் நாம் ஆக்ஷேபிக்கிறோம். கம்பெனி ஆயிரக்கணக்கானோருக்கு மருந்தை இலவசமாக வழங்கியதும் மெய்யே. ஆயினும் தர்மம் வேறு, பாத்தியதை வேறு. கொடுப்பவன் மனம் மாறினால் தர்மம் நின்றுவிடும், பாத்தியதை நிற்காது.

இமாட்டினிப்புக்கு வசப்படாத நோய்க்கு இன்று வேறு மருந்துகள் வந்துள்ளன, இனியும் வரும். ஒவ்வொன்றிலும் இதே வழக்கு எழக்கூடும். பிற தேசங்களுடன் வியாபார ஒப்பந்தம் பேசும்போதெல்லாம் 3(டி) பிரிவைத் தளர்த்தும்படி நிர்ப்பந்தம் வரலாம். ஸர்க்கார் இணங்காதிருக்க வேண்டுமானால் ஜனங்கள் விழித்திருக்க வேண்டும். தளவானூர்க் குடியானவருக்காகப் பேச வேறு யார் இருக்கிறார்கள்?