ஒன்று ஓட, இன்னொன்று நிற்க

தொழிற்சாலைகள் மூடியாயிற்று. உதிரிப் பாகங்களும் தீர்ந்துகொண்டிருக்கின்றன. ஆனால் தாத்தாவின் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு வருபவர்கள் இன்னும் நிற்கவில்லை.

பெங்களூரு சிக்பேட்டையில் ஜவுளிக் கடைகளுக்கு நடுவே செருகி வைத்தாற்போல ஒரு கடை. உள்ளே ஒருவர் உட்காரலாம். இரண்டாமவர் வெளியே நின்றுகொண்டுதான் பேச வேண்டும். கண்ணாடி மேஜைக்குப் பின்னால், அறுபதைத் தாண்டிய மனிதர். வலது கண்ணில் இடுக்கிய கறுப்பு லென்ஸ், கையில் சாமணம். மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறார். காரணம் இருக்கிறது. அவர் முன்னால் கிடக்கும் திருகாணி கடுகைவிடச் சிறியது. பலமாகத் தும்மினால் தெருவுக்குப் போய்விடும்.

மேஜையில் பிரித்துப் போடப்பட்டிருப்பது எச்.எம்.டி. ஜனதா. கொண்டுவந்தவர் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் இளைஞர். காலமான தாத்தாவின் பீரோவில் கிடைத்ததாம். அவருக்கு இரண்டு ஆசைகள்: கடிகாரம் ஓட வேண்டும், புதுசு போல மின்னவும் வேண்டும். முதலாவதற்குத் தலையாட்டிய கடைக்காரர், இரண்டாவதற்கு மறுத்துவிட்டார்.

கடிகாரமும் பெங்களூர்க்காரர்தான். ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் 1961இல், ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியின் தொழில்நுட்பத்தோடு, இங்கே கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. அதுவரை கடிகாரம் என்றால் ஸ்விட்சர்லாந்துதான். ஃபேவர் லூபா, வெஸ்ட் எண்ட் என்று வசதியுள்ளவர்கள் சமாச்சாரம். எச்.எம்.டி. அதைக் குமாஸ்தா கைக்கும் வாத்தியார் கைக்கும் கொண்டுவந்தது. கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு, பரீட்சையில் தேறிய பையனுக்கு, ஓய்வுபெறும் நாளில் மாலையோடு சேர்த்து என்று எல்லாவற்றுக்கும் எச்.எம்.டி.தான். பெங்களூர் போதாமல் ஸ்ரீநகர், தும்கூர், ராணிபாக் என்று தொழிற்சாலைகள் பெருகின. தேசத்துக்கே நேரம் காட்டுபவர்கள் என்று விளம்பரம் செய்துகொண்டதில் மிகையொன்றும் இல்லை.

சரிவு வெகு தூரத்திலிருந்து வரவில்லை. நாற்பது கிலோமீட்டர் தள்ளி, ஓசூரிலிருந்து வந்தது. 1984இல் டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், சாவியே கொடுக்க வேண்டாத குவார்ட்ஸ் கடிகாரங்களைப் பளபளக்கும் ஷோரூம்களில் வைத்து விற்றது. குவார்ட்ஸ் எச்.எம்.டி.யிடமும் இருந்தது. மனம்தான் அதில் முழுசாக இல்லை. நஷ்டம் வருஷக் கணக்கில் குவிந்து, 2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூடுவதென்று மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. தும்கூர் தொழிற்சாலையின் நிலம் இஸ்ரோவுக்குப் போனது.

ரிப்பேர்க்காரரின் கஷ்டம் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

சாவி கொடுக்கும் கடிகாரத்தின் சூட்சுமம் எளிமையானது. சுருண்ட மெயின் ஸ்பிரிங் பிரியப் பார்க்கிறது. அந்த விசை பற்சக்கரங்கள் வழியாக பேலன்ஸ் சக்கரத்துக்குப் போகிறது. அது ஹேர் ஸ்பிரிங்கின் துணையோடு முன்னும் பின்னும் ஆடி, விசையைச் சொட்டுச் சொட்டாக வெளியே விடுகிறது. அந்தச் சொட்டுதான் நாம் கேட்கும் டிக் டிக். எச்.எம்.டி.யின் 17 கல் இயந்திரத்தில் மணிக்கு 18,000 துடிப்பு. நாளுக்கு 4,32,000. குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. துல்லியத்தில் அதனோடு போட்டி போட முடியாது. நாளுக்கு அரை நிமிஷம் முன்னேபின்னே போனாலும் பழைய ஜனதாவுக்கு அது நல்ல உடல்நிலைதான்.

வருகிற கடிகாரங்களில் பாதிக்கு மேல் உண்மையில் பழுதே இல்லை. எண்ணெய் காய்ந்து பசையாகியிருக்கும். முழுக்கப் பிரித்து, பெட்ரோலில் கழுவி, ஊசிமுனையில் தொட்டு எண்ணெய் வைத்தால் எழுந்து ஓடும். சிலது திடீரென்று நாளுக்குப் பத்து நிமிஷம் வேகமாக ஓடும். ஸ்பீக்கர், காந்தப் பூட்டுப் போட்ட கைப்பை என்று எதன் பக்கத்திலாவது வைத்து, ஹேர் ஸ்பிரிங்கில் காந்தம் ஏறி, சுருள்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை இறக்க ஒரு சின்ன மின்கருவியும் பத்து நொடியும் போதும். பத்து நொடி வேலைக்கு என்ன கூலி கேட்பது என்பதுதான் சங்கடம்.

இளைஞர் கொண்டுவந்தது இந்த இரண்டு ரகமும் இல்லை. எப்போதோ கீழே விழுந்திருக்கிறது. பேலன்ஸ் அச்சின் முனை ஒடிந்திருக்கிறது. தலைமுடிப் பருமனே உள்ள முனை. அந்தக் காலத்தில் கம்பெனி உதிரிப் பாகம் காகித உறையில் வரும், மாற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். லேத்தில் புது அச்சு கடைந்தும் போடலாம். அதற்கு ஒரு நாள் பிடிக்கும், அந்தக் கூலியைச் சொன்னால் வாடிக்கையாளர் கடிகாரத்தைத் திரும்பப் பையில் போட்டுக்கொள்வார். மிச்சமிருப்பது ஒரே வழி. ஒரு ஜனதா பிழைக்க இன்னொரு ஜனதாவைப் பிரிக்க வேண்டும்.

அப்படி ஒன்று கடையிலேயே இருக்கிறது. கீழ் டிராயரில், பேரும் தேதியும் எழுதிய உறைகளில், ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராதவர்களின் கடிகாரங்கள். முப்பதுக்குக் குறையாது. ஆறு மாதத்துக்கு மேல் பொறுப்பில்லை என்று ரசீதிலேயே அச்சடித்திருக்கிறது. ஆனாலும் அந்த டிராயரை அவர் தொடுவதில்லை. ஒன்பது வருஷம் கழித்து ஒரு பெண்மணி, கணவர் கொடுத்துவைத்த கடிகாரத்தின் ரசீதோடு வந்து நின்றிருக்கிறார். அன்றைக்கு அது உறைக்குள் முழுசாக இருந்தது.

ஆகவே இளைஞரை இரண்டு வாரம் கழித்து வரச் சொல்கிறார். பக்கத்துத் தெருக்களில் கூடும் ஞாயிறு சந்தையில், பழைய செருப்புக்கும் செல்போன் சார்ஜருக்கும் நடுவே, செத்த கடிகாரங்கள் குவியலாகக் கிடக்கும்.

மின்ன வைக்க மறுத்தது ஏன்? பழைய கடிகாரங்களின் டயலைச் சுரண்டி, கண்ணைப் பறிக்கும் வர்ணம் பூசி, கம்பெனி ஒருகாலும் போடாத டிசைனில் கம்பெனி பெயரை அச்சடித்து விற்பது ஒரு தனி வியாபாரமாகவே வளர்ந்திருக்கிறது. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அதற்கு ‘மும்பை ஸ்பெஷல்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். அது பாராட்டு அல்ல. இணையத்தில் இந்தியக் கடிகாரம் என்றாலே அவர்களில் பலர் இப்போது சந்தேகப்படுகிறார்கள். நேர்மையாக வேலை செய்பவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கெட்ட பெயர். பாலீஷும் அப்படித்தான். பித்தளை மேல் குரோமியம் பூசிய கூடு; அழுத்தித் தேய்த்தால் மின்னுவதற்குப் பதில் மஞ்சளாகப் பல்லை இளிக்கும்.

இளைஞர் சமாதானமாகவில்லை. கடைக்காரர் வாதாடாமல் பின்மூடியைத் திருப்பி, லென்ஸை அவரிடம் நீட்டினார். மூடியின் உட்புறத்தில் ஊசியால் கீறிய மூன்று குறிகள், மூன்று கையெழுத்தில். ரிப்பேர் செய்தவர்கள் தங்களுக்காகக் கீறி வைப்பது. ஒன்றில் ‘88’ என்று படிக்க முடிகிறது. தாத்தா இந்தக் கடிகாரத்தை மூன்று தடவையாவது யாரிடமோ கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். டயல் பழுப்பாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று இளைஞர் ஒப்புக்கொண்டார்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை சந்தையில் ஒன்று அகப்பட்டது. தண்ணீர் புகுந்து டயல் பொரிந்துபோன ஜனதா. முட்களும் துருப்பிடித்துவிட்டன. பேலன்ஸ் மட்டும் தப்பியிருந்தது. அதை அப்படியே கழற்றி, கழுவி, தாத்தாவின் கடிகாரத்தில் பொருத்தியதும், சாவியைத் தொடுவதற்கு முன்பே மிச்சமிருந்த விசையில் சக்கரம் ஆடத் தொடங்கியது. ஓர் இரவு டயல் மேலே பார்க்க, மறு இரவு கீழே பார்க்க, அடுத்து சாவி கீழே இருக்க என்று வைத்துச் சோதித்தார். நாளுக்கு இருபது நொடி வேகம். நெம்புகோலை மயிரிழை தள்ளினார். பிறகு பின்மூடியில் நாலாவது குறியைக் கீறினார்.

சனிக்கிழமை வந்த இளைஞருக்கு இரண்டே உத்தரவு: தினமும் காலையில் ஒரே நேரத்தில் சாவி கொடுக்க வேண்டும், கையை எதிர்த்தால் நிறுத்திவிட வேண்டும். சந்தையில் வாங்கிய கடிகாரத்தின் சக்கரங்கள், கற்கள், மெயின் ஸ்பிரிங் எல்லாம் தனித்தனியே தகர டப்பாவுக்குள் போயின. பேலன்ஸ் வைக்கும் குழி மட்டும் காலியாக இருக்கிறது.