வெயில் எட்டாத கொல்லை

பக்கத்து வீட்டு மாடி வெயிலை மறைத்துவிட்டது, தக்காளி காய்க்கவே இல்லை என்று கொல்லைக்கே சிமெண்ட் பூசிவிடுகிறவர்கள் உண்டு. தக்காளி, கத்தரி, மிளகாய் எல்லாம் காய் பிடிக்க வேண்டிய செடிகள். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் கேட்கும். இலையைப் பறித்துச் சாப்பிடும் செடிகளுக்கு அவ்வளவு வேண்டியதில்லை. வெட்டவெளியில் உச்சிவெயில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ். நிழலில் வளர்ந்து பழகிய செடி அதில் ஐந்தில் ஒரு பங்குக்குள்ளேயே தன் முழு வேகத்தில் உணவு தயாரிக்கத் தொடங்கிவிடும். நிழலில் இலை அகன்று மெலியும். கீரை பறிப்பவருக்கு லாபம்தானே!

வெற்றிலைக் கொடிக்கால்காரர்களுக்கு இது பழகிய கணக்கு. முதலில் அகத்தியை விதைத்து, அது தலைதூக்கிய பிறகுதான் கொடியை நடுவார்கள். கொடி படர்வதும் அகத்தியில், நிழல் தருவதும் அகத்தி. நிழல் அதிகமானால் கிளையைக் கழித்துவிடுவார்கள்.

வீட்டுக் கொல்லைக்கு என் முதல் சிபாரிசு தவசிக்கீரை. பென்சில் கனமுள்ள குச்சியை ஊன்றினால் துளிர்த்துவிடும். இடுப்பு உயரத்தில் நுனியை ஒடித்துக்கொண்டே இருந்தால் பல வருஷம் பறிக்கலாம். கிளையைத் திருப்பிப் பாருங்கள்: இலைக்கு அடியில் சின்னச் சின்னச் சிவப்புப் பூக்கள் தொங்கும். பொரியல், கூட்டு எதற்கும் சரி, ஆனால் வேகவைத்துத்தான். 1990-களில் தைவானில் உடம்பு இளைக்க என்று இதன் பச்சைச் சாற்றைத் தொடர்ந்து குடித்த பலருக்கு நுரையீரலின் நுண்ணிய மூச்சுக்குழல்கள் நிரந்தரமாகக் கெட்டுப்போயின. ‘மல்டிவைட்டமின் கீரை’ என்று விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

தரைக்கு வல்லாரை. ஓடும் தண்டு ஈரமண்ணைத் தொடும் கணுவிலெல்லாம் வேர்விட்டுப் புதுச்செடியாகிவிடும். இஞ்சியும் மஞ்சளும் அரை நிழலில் வரும். அறுவடையில் ஒரு துண்டை மண்ணிலேயே விட்டுவிட்டால் அடுத்த மழைக்கு அதுவே முளைக்கும். சேனையும் அப்படித்தான். குடைமரம் மாதிரி நிற்கும் அதன் ‘தண்டு’ உண்மையில் ஒற்றை இலையின் காம்பு. அந்த இலை மஞ்சளாகிச் சாய்ந்தால் செடி செத்துவிட்டது என்று பிடுங்கிப் போடவேண்டாம். கிழங்கு முற்றிவிட்டது என்று அர்த்தம். நறுக்கும்போது கை அரிப்பது அதிலுள்ள ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்களால். கையில் எண்ணெய் தடவிக்கொள்வதும் புளித்தண்ணீரில் வேகவைப்பதும் அதற்காகத்தான்.

எந்த மூலை தேறும் என்று பார்க்க, நடுப்பகலில் தரைக்கு மேலே கையை நீட்டுங்கள். மங்கலாகவாவது கையின் நிழல் விழுந்தால் இவற்றை நடலாம். நிழலே விழாத இருட்டில் ஒன்றும் வராது. அங்கே மண்வெட்டியை வைத்துக்கொள்ளுங்கள்.

உரத்துக்கு வருஷம் இரண்டு கூடை மக்கிய எரு போதும். தண்ணீர் விஷயத்தில்தான் பலரும் கெடுத்துக்கொள்கிறார்கள். நிழல் மண் சீக்கிரம் காயாது. தினமும் ஊற்றினால் இஞ்சி அழுகும், நத்தை பெருகும். விரலை விட்டுப் பார்த்து, உள்ளே காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். வல்லாரைக்குக் குழாயடி ஈரம் பிடிக்கும் என்றாலும், சோப்புத் தண்ணீர் பாயும் இடத்தில் வைக்க வேண்டாம்.