பகிரப்படும் உயிரணு வரிசைகளும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் ஆய்வும்

சிறுநீர்ப்பைப் புற்றுநோயாளி ஒருவரின் கட்டியிலிருந்து வளர்த்தெடுக்கப்பட்ட டி24 உயிரணு வரிசையைப் பல ஆய்வகங்கள் பகிர்ந்துகொண்டன. 1982இல் மூன்று அமெரிக்க ஆய்வுக் குழுக்கள் டி24, இஜே ஆகிய வரிசைகளை ஆராய்ந்தன. எச்ராஸ் மரபணுவின் ஓரெழுத்து மாற்றத்தால் புரதத்தின் 12ஆம் இடத்தில் கிளைசினுக்குப் பதிலாக வாலின் அமைவதை அவை கண்டறிந்தன. மனிதப் புற்றுநோய் மரபணுவில் அறியப்பட்ட முதல் திடீர்மாற்றம் இதுவாகும்.

இஜே வரிசை வேறொரு நோயாளியுடையது எனக் கருதப்பட்டது. அதுவும் டி24 உயிரணுக்களே என்பது 1983இல் வெளிப்பட்டது. கண்டுபிடிப்பு நிலைபெற்றது, ஆயினும் இரு நோயாளிகளின் சான்று ஒருவருடையதாகச் சுருங்கியது.

இந்தியாவில் புனேயிலுள்ள தேசிய உயிரணு அறிவியல் மையத்தின் களஞ்சியம் ஆய்வகங்களுக்கு உயிரணு வரிசைகளை வழங்குகிறது. பிற ஆய்வகங்களிடமிருந்து கைமாறிப் பெறப்படும் வரிசைகளின் மூலத்தை டி.என்.ஏ. சோதனையால் உறுதிசெய்த பின்னரே ஆய்வைத் தொடங்குதல் வேண்டும். வளம் பகிரப்படும்போது பிழையும் உடன் பகிரப்படுகிறது.