அம்மாவின் ஹைட்ரேஞ்சாவும் புதுச்சேரிக் காகிதப்பூவும்

இந்தக் குறிப்பை எழுதக் காரணம், எங்க வீட்டு மொட்டை மாடியில் காலியாகிப்போன மூணு தொட்டிகள்.

அம்மா குன்னூரில் பிறந்து வளர்ந்தவர். அங்கே வேலியோரம் பந்து பந்தாக நீலத்தில் பூக்கும் ஹைட்ரேஞ்சாவை, புதுச்சேரி வீட்டில் ஒரு தடவையாவது பூக்க வைக்கணும்னு அவருக்கு ரொம்ப நாள் ஆசை. நான் இணையத்தில் தேடி, அதன் உறவுக்கார வகையான பேனிக்கிள் ஹைட்ரேஞ்சாவை வாங்கினேன். இது கூம்பு வடிவத்தில் வெள்ளையாகப் பூக்கும். 'ஹைட்ரேஞ்சாக்களில் வெயிலை அதிகம் தாங்குவது இதுதான்' என்று போட்டிருந்ததை நம்பினேன். சித்திரையில் ஒண்ணு, ஆனியில் ஒண்ணு, ஐப்பசி மழையில் கடைசி ஒண்ணு என்று மூணும் போய்விட்டன.

"என் கைராசி போயிடுச்சுடா" என்றார் அம்மா. கறிவேப்பிலைக் கன்றையே தொட்டியில் மரமாக்கியவர் அவர். நிரல் பழுதானால், யார் மேல் தப்பு என்று கேட்பதற்கு முன்னால் லாகைப் பார்ப்பது எங்க தொழிலில் பழக்கம். அதே மாதிரி இந்தச் செடியின் கதையைப் படிக்க ஆரம்பித்தேன்.

செடியின் சொந்த ஊர்

பேனிக்கிள் ஹைட்ரேஞ்சாவின் தாவரவியல் பெயர் ஹைட்ரேஞ்சா பேனிகுலேட்டா. சீனா, ஜப்பான், ரஷ்யாவின் சகாலின் தீவு ஆகியவை அதன் பூர்வீகம். இலையுதிர் காலத்தில் இலையைக் கொட்டிவிட்டுத் தூங்கும். பல மாதம் குளிர் பட்ட பிறகுதான் மொட்டுகள் ஒழுங்காக விழிக்கும். வெயில் தாங்கும் என்று சொன்னது பொய் இல்லை. ஆனா அது அந்த ஊர் வெயில்.

புதுச்சேரியில் ஜனவரி விடியற்காலையில்கூட சுமார் 20 டிகிரி இருக்கும். மே மாதப் பகலில் 40 டிகிரியை நெருங்கும். தூங்கவே முடியாத ஊரில் அந்தச் செடியை வைத்திருக்கிறோம். இரவும் சூடாக இருப்பதால், பகலில் செய்த சர்க்கரையைச் சுவாசத்திலேயே அதிகமாகச் செலவழித்துவிடும். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே மண்ணும் புளிப்பு. அதனால் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைக்கிறது, நீலப்பந்து வகை நீலமாகிறது. பேனிக்கிள் வகையோ எந்த மண்ணில் வைத்தாலும் நீலமாகாது. அது வெள்ளையில் தொடங்கி, வயதாக ஆகத்தான் இளஞ்சிவப்பாகும்.

இன்னொரு தப்பும் செய்தோம். மதிய வெயிலில் இலை தொங்கியதும் தண்ணீர் ஊற்றினோம். பெரிய இலை நீரை விடும் வேகத்துக்கு வேரால் உறிஞ்சிக் கொடுக்க முடியாதபோது, மண் ஈரமாக இருந்தாலும் இலை தொங்கும். அந்த நேரத்தில் மேலும் ஊற்றினால் வேர் அழுகும். எந்தத் தொட்டிச் செடியானாலும், ஊற்றும் முன் ரெண்டு அங்குலம் விரலை விட்டுப் பாருங்க. உள்ளே ஈரம் இருந்தால் நிழலுக்கு நகர்த்தினால் போதும்.

எங்கே வெட்டுவது?

படித்ததில் எனக்கு உருப்படியாகக் கிடைத்தது கவாத்து பற்றிய விஷயம். நீலப்பந்து வகை பெரும்பாலும் போன வருஷக் கிளையில் மொட்டு வைத்திருக்கும். குளிர் முடியும்போது வெட்டினால் அந்த வருஷப் பூ போச்சு. பேனிக்கிள் வகை அந்த வருஷம் துளிர்க்கும் புதுக் கிளையின் நுனியில் பூக்கும். அதனால் குளிர் முடியும் தறுவாயில், தளிர் விடும் முன் தைரியமாக வெட்டலாம்.

புதுக் கிளையில் பூக்கும் இந்தக் குணம் நம்ம ஊர்ச் சுவர்களில் தொங்கும் ஒரு செடிக்கும் உண்டு. துமா வீதி, ரொமேன் ரோலான் வீதி பக்கம் மஞ்சள் சுவர்மேல் வழியும் காகிதப்பூதான் அது. ஒற்றுமை இதோடு முடியவில்லை. ஹைட்ரேஞ்சாவில் நாம் பூ என்று ரசிப்பது பெரும்பாலும் பெரிதாகிப்போன புல்லி இதழ்கள். காகிதப்பூவில் நாம் ரசிப்பது மூன்று வண்ண இலைகள். உண்மைப் பூ நடுவில் இருக்கும் சின்ன வெள்ளைக் குழல்.

ரெண்டுக்கும் நடுவில் ஒரே ஆளின் பெயரும் வருகிறது. பிலிபேர் கொமெர்சோன் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர், பூகன்வில்லின் உலகச் சுற்றுப் பயணத்தில் போனார். 1767இல் ரியோ டி ஜெனீரோ பக்கம் காகிதப்பூவைச் சேகரித்து, பயணத் தலைவரின் பெயரை வைத்தார். அவருக்கு உதவியாளராக இருந்த ழான் பாரே, ஆண் வேடத்தில் கப்பலேறிய பெண். பிரெஞ்சுக்காரர்கள் ஹைட்ரேஞ்சாவுக்குச் சொல்லும் 'ஒர்த்தான்சியா' என்ற பெயரும் கொமெர்சோன் வழி வந்ததுதான்.

இங்கே செய்ய வேண்டியது

காகிதப்பூவுக்குக் குளிர் தேவையில்லை. தினமும் ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். செம்மண், மணல், மக்கிய தொழு உரம் மூன்றையும் கலந்து, தொட்டியின் வடிகால் துளை அடையாமல் பாருங்க. தொட்டி மாற்றும்போது வேர்க்கட்டி உடையக்கூடாது. மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகு தண்ணீர் விடணும். யூரியா மாதிரி தழைச்சத்து அதிகம் கொடுத்தால் இலையும் முள்ளும்தான் வரும்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும், பொங்கலுக்கு முன்பாக, நீண்ட கிளைகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடுங்க. முள் நீளம், கையுறை அவசியம். புதுத் துளிர் வந்து, அதன் நுனியில் மாசி, பங்குனி வாக்கில் நிறம் ஏறும். ஒரு சுற்று பூத்து உதிர்ந்ததும் நுனிகளை லேசாக வெட்டினால் அடுத்த சுற்று வரும். வெட்டியதில் பென்சில் தடிமனான போத்துகளை நட்டு நிழலில் வைத்தால் சில வேர் பிடிக்கும்.

படித்ததையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். "அப்ப என் கை மேல தப்பில்லைங்கற?" என்று கேட்டார். இல்லைம்மா, தப்பான செடியை வாங்கினது நான்தான் என்றேன். அந்த மூணு தொட்டியிலும் இப்போ காகிதப்பூ இருக்கு. போன தை மாசம் கவாத்துக் கத்தரியை என்னிடம் கொடுக்காமல் அவரே வெட்டினார். பங்குனியில் மாடிச் சுவரே தெரியாத அளவுக்கு ஊதாச் சிவப்பு.

ரொம்ப நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா குன்னூர் நீலம் இல்லையே."

அதுக்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்த லீவுக்கு மேட்டுப்பாளையம் ரயிலுக்கு டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.