முழங்கால் தாங்கும் பாரம்



மாடு சற்று நொண்டினாலும் அன்றே மருத்துவரைத் தேடுகிறோம். ஆனால் பல்லடம் பகுதியில் வெங்காயக் காட்டில் களையெடுப்பவரோ, கோழிப்பண்ணையில் தீவன மூட்டை தூக்குபவரோ முழங்கால் வலி என்றால், "வயதாகிவிட்டது" என்று தைலம் தேய்ப்பதோடு சரி. முழங்கால் எவ்வளவு பாரம் தாங்குகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

கவலை இறைத்த காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். கிணற்று மேட்டிலிருந்த உருளை தாங்கியது சாலின் எடையை மட்டுமன்று. மாடுகள் வடத்தை இழுத்த விசையும் சேர்ந்தே அதன் மேல் அழுத்தியது. முழங்காலும் ஏறக்குறைய இப்படித்தான். தொடையின் முன்தசைதான் மாடு, தசைநாண் வடம், முழங்கால் சில்லு உருளை. சில்லு, நாணை மூட்டின் நடுவிலிருந்து சுமார் 4 செ.மீ. தள்ளி நிறுத்துகிறது. (மூட்டு கதவுக் கீலைப் போல் ஒரே அச்சில் சுற்றுவதன்று; எலும்பு உருண்டுகொண்டே வழுக்கவும் செய்யும். நம் கணக்குக்கு அதை விட்டுவிடலாம்.)

60 கிலோ எடையுள்ளவர் குந்திய நிலையிலிருந்து பாதி எழுந்திருக்கிறார் என்று கொள்வோம். முழங்காலுக்கு மேலுள்ள எடை, ஒரு காலுக்கு 26 கிலோ. அந்த எடை மூட்டுக்கு 20 செ.மீ. பின்னால் விழுகிறது. 26 × 20 = 520. இதை 4 ஆல் வகுத்தால் 130. அதாவது நாண் 130 கிலோ அளவுக்கு இழுத்தாக வேண்டும். உடல் எடையின் பங்கும் சேர, மூட்டின் மேல் ஏறத்தாழ 150 கிலோ அழுத்தம்!

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. ஜெர்மனியில் பெர்லின் நகர ஆய்வாளர்கள், செயற்கை மூட்டுக்குள் அளவுகருவி பொருத்தப்பட்ட 5 பேரிடம் அளந்து, முடிவை 2010இல் வெளியிட்டனர். முழங்காலை மடக்கி எழுகையில் ஒரு மூட்டில் உடல் எடையைப் போல் சராசரியாக இரண்டரை மடங்கு. படியில் இறங்குகையில் சுமார் மூன்றரை மடங்கு.

தோளில் 50 கிலோ தீவன மூட்டையுடன் எழுந்தால் ஒரு காலுக்கு 25 கிலோ கூடுகிறது. நாணின் இழுப்பு 255 கிலோவாகிறது. மூட்டின் அழுத்தமும் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. ஆகவே மூட்டையைத் தரையிலிருந்து தூக்காமல், இடுப்பளவு மேடையில் அடுக்கி, நின்றபடியே தோளுக்கு மாற்றுங்கள். தள்ளுவண்டி இருந்தால் இன்னும் நன்று. வண்டியிலிருந்து மூட்டையுடன் குதிப்பது கூடவே கூடாது.

வெறும் உடம்போடு எழும்போது நெஞ்சைச் சற்று முன்னே சாய்த்தால் 20 செ.மீ. 15 ஆகலாம், அப்போது இழுப்பு 98 கிலோவாகக் குறைகிறது. தொடையில் கையூன்றினால் மேலும் குறையும். மூட்டை சுமக்கையில் மட்டும் இப்படிச் சாயாதீர்கள். பளு முதுகுக்குப் போய்விடும்.

முழுக்கக் குந்தியிருக்கையில் தொடையும் கெண்டைக்காலும் ஒன்றோடொன்று அழுந்திப் பாரத்தில் ஒரு பகுதியைத் தாங்கிக்கொள்கின்றன. எழுவதும் அமர்வதுமே கடினம். களையெடுப்பில் இது நாளெல்லாம் நடக்கிறது. சோளம், பருத்தி போன்ற வரிசைப் பயிர்களில் நீண்ட கைப்பிடியுள்ள நட்சத்திரக் களைக்கருவியால் நின்றபடியே களையெடுக்கலாம். நெருங்கி நட்ட வெங்காயத்தில் அது செல்லாது. அங்கே தாழ்ந்த மணைக்கட்டையில் அமர்ந்து வேலை செய்வது மேல். கூலியாட்களுக்கும் ஆளுக்கொரு கட்டை கொடுங்கள், செலவு சொற்பமே.

மூட்டு வீங்கினாலோ, மடக்கிய கால் நீட்ட வராமல் சிக்கிக்கொண்டாலோ தைலத்தை நம்பியிராமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.